பழைய கணினி ஆர்பிஜிகளுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தல்

நாமே ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அதற்கு வலிமையும் அறிவும் ஆயுதமும் சேர்த்து, ஒரு கற்பனை நாட்டில் மாதக்கணக்கில் அலைய விடுகிற நெடுங்கதை விளையாட்டுகளை ஆர்பிஜி என்கிறோம். அவற்றில் 1980களிலும் 1990களிலும் கணினிக்கென்று வெளிவந்தவற்றைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எங்கே கிடைக்கும் என்பதுதான். எனக்கு அந்தக் கேள்வி இரண்டாவதாகத்தான் வரும். கோபிசெட்டிபாளையத்தில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒருவர் வந்து ஒரு காட்டையோ தோட்டத்தையோ சொல்லி, ‘இதை வாங்கலாமுங்களா’ என்று கேட்டால், மண் எப்படி, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் என்பதெல்லாம் அவர் பாடு. விற்கிறவர் பெயரில் அது இருக்கிறதா, இடையில் யார் யார் கைமாற்றினார்கள், அடமானம் ஏதும் நிற்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பார்ப்பது என் பாடு. பழைய ஆர்பிஜிகளையும் அப்படிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். உரிமை யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எங்கே கிடைக்கும் என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடுகிறது.

கோவையில் பொறியியல் படிக்கிற என் அக்கா மகனுக்கு இதெல்லாம் வேலையற்ற வேலையாகத் தோன்றுகிறது. “ஏனுங் மாமா, அந்தக் கம்பெனியெல்லாம் எப்பவோ இழுத்து மூடியாச்சு. இனி யாரு வந்து கேக்கப் போறாங்க? சும்மா எறக்கிக்க வேண்டியதுதானுங்களே” என்றான். “தோட்டத்துக்காரர் செத்துப்போனா தோட்டம் பொறம்போக்கு ஆயிருமா கண்ணு?” என்று கேட்டேன். சிரித்தானே தவிர ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் சொன்னதில் பாதி உண்மை. கம்பெனிகள் மூடப்பட்டது உண்மை. ஆனால் மூடப்பட்ட கம்பெனியின் சொத்து எங்கேயோ போய்ச் சேரத்தான் செய்கிறது. மைட் அண்ட் மேஜிக் என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் முதல் பாகத்தை வெளியிட்ட நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் நிறுவனம் 1996இல் த்ரீடிஓ என்ற நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அந்த த்ரீடிஓ 2003இல் திவாலானது. திவாலான நிறுவனத்தின் சொத்துகள் விற்பனைக்கு வந்தபோது, பிரான்சு நாட்டின் யூபிசாஃப்ட் அந்தத் தொடரின் உரிமையை 13 லட்சம் டாலருக்கு வாங்கியது. இன்று அதன் முதல் ஆறு பாகங்களும் ஒரே பொதியாக முறைப்படி விற்கப்படுகின்றன. கடையை இழுத்து மூடினாலும் பத்திரம் உயிரோடு இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள்தான் வருகிறது. ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் அதற்குப் பாதுகாப்பு உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு நிறுவனத்துக்காக அதன் ஊழியர்கள் எழுதிய நிரலுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்பது கணக்கு. 1988இல் வந்த ஒரு விளையாட்டு 2083ஆம் ஆண்டு முடியும் வரை ஒருவருடைய சொத்தாகவே இருக்கும் என்று பொருள். ‘அபாண்டன்வேர்’, அதாவது கைவிடப்பட்ட நிரல், என்று பெயர் போட்டுக் கொட்டி வைத்திருக்கிற தளங்கள் எத்தனையோ இருக்கலாம். அப்படி ஒரு வகைப்பாடு சட்டத்தில் இல்லை. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்தினால் 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக ஆதாயம் இல்லாத பயன்பாடு என்றால் சிறையைத் தவிர்த்து 50 ஆயிரத்துக்குள் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. முப்பது வருடத்துக்கு முந்தைய விளையாட்டுக்காக நம்மூரில் யார் வீட்டுக்கும் போலீஸ் வந்து நான் கேள்விப்பட்டதில்லை. அது வேறு விஷயம். அதே சட்டம் முறையாக வாங்கியவருக்குச் செய்கிற உதவியைத்தான் பலர் கவனிப்பதில்லை. 52ஆம் பிரிவு, சட்டப்படி கையில் உள்ள நிரலை இழப்புக்கும் சேதத்துக்கும் எதிராகக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளவும், வணிக நோக்கமின்றிச் சொந்தப் பயனுக்குப் படியெடுத்துக்கொள்ளவும் வெளிப்படையாக அனுமதிக்கிறது.

உரிமை கைமாறுவதன் விநோதத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் வேஸ்ட்லேண்ட், ஃபால்அவுட் இரண்டின் கதையைத்தான் சொல்ல வேண்டும். அணுப்போருக்குப் பிந்தைய பாலைவனத்தில் நடக்கிற வேஸ்ட்லேண்டை 1988இல் உருவாக்கியது இன்டர்ப்ளே. வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். பெயரின் உரிமை வெளியிட்டவரிடமே தங்கிவிட்டது. இன்டர்ப்ளே பின்னர் அதன் தொடர்ச்சியைச் செய்ய விரும்பியபோது பெயர் கிடைக்கவில்லை. எனவே அதே மாதிரியான உலகத்தை வேறு பெயரில் கட்டினார்கள்; அதுதான் 1997இல் வந்த ஃபால்அவுட். ‘வேஸ்ட்லேண்ட் நினைவிருக்கிறதா’ என்ற கேள்வியை அதன் அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டார்கள். பாகப்பிரிவினையில் பூர்வீகக் காட்டை இழந்தவர் புதுக் காட்டுக்கு வேலி போடும்போது பழைய காட்டின் பெயரைச் சொல்லிக் காட்டியது போல.

பிறகு இன்டர்ப்ளேவுக்குப் பணமுடை வந்தது. 2007இல் ஃபால்அவுட் உரிமை முழுவதையும் 57.5 லட்சம் டாலருக்கு பெதஸ்டா நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. இருவருக்கும் இடையே வழக்கும் நடந்து, 2012இல் சமரசமாகி, பழைய ஃபால்அவுட் விளையாட்டுகளை 2013 டிசம்பர் 31 வரை மட்டும் இன்டர்ப்ளே விற்கலாம் என்று முடிவாயிற்று. அந்தக் கெடு நெருங்கியபோது, அவற்றை விற்றுவந்த ஜிஓஜி என்ற இணையக் கடை, ஃபால்அவுட்டின் முதலிரண்டு பாகங்களையும் ஃபால்அவுட் டாக்டிக்ஸையும் அந்த டிசம்பரில் இரண்டு நாள் யாருக்கும் இலவசமாகவே கொடுத்தது. பிறகு அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. ஏற்கெனவே பெற்றிருந்தவர்களின் கணக்கில் அவை அப்படியே இருந்தன. புதியவர்களுக்கு 2015இல் பெதஸ்டாவே அந்தக் கடைக்கு வந்து தன் பெயரில் விற்கத் தொடங்கும் வரை அங்கே வழியில்லை. அதற்கு முன்பே வேஸ்ட்லேண்ட் உரிமை, இன்டர்ப்ளேவைத் தொடங்கிய பிரையன் ஃபார்கோவின் புது நிறுவனமான இன்எக்ஸைலிடம் வந்து சேர்ந்திருந்தது. 2018இல் மைக்ரோசாஃப்ட் இன்எக்ஸைலை வாங்கியது. 2021இல் பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தையும் வாங்கியது. எந்தப் பெயர் கிடைக்காததால் ஃபால்அவுட் பிறந்ததோ அந்தப் பெயரும் ஃபால்அவுட்டும் இன்று ஒரே பட்டாவில் இருக்கின்றன. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு சுற்று சுற்றி ஒன்று சேர்ந்த பங்காளிச் சொத்தை நம் பக்கத்திலேகூட அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கதையில் வாங்குகிறவருக்கு உதவுகிற செய்தி ஒன்று உண்டு. ஒரு விளையாட்டு இன்று கடையில் இருப்பதால் அடுத்த வருடமும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்; இன்று இல்லை என்பதால் இனி வரவே வராது என்றும் முடிவு கட்ட வேண்டாம். விற்பனை ஒப்பந்தங்களுக்குக் கெடு உண்டு. கெடு முடிந்தால் பெயர்ப்பலகை மாறும்.

எஸ்எஸ்ஐ நிறுவனத்தின் ‘கோல்ட் பாக்ஸ்’ வரிசை வேறு மாதிரிச் சிக்கல். 1988இல் வந்த பூல் ஆஃப் ரேடியன்ஸ் அந்த வரிசையில் முதலாவது. அதன் நிரல் எஸ்எஸ்ஐயுடையது. ஆனால் அதில் வருகிற உலகமும் விதிகளும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டை வைத்திருந்த டிஎஸ்ஆர் நிறுவனத்துடையவை. நிலம் ஒருவருக்கு, அதில் நிற்கிற தென்னை இன்னொருவருக்கு என்பது போன்ற நிலைமை. எஸ்எஸ்ஐ 1994இல் மைண்ட்ஸ்கேப்புக்குப் போய், அங்கிருந்து இன்னும் சில கைகள் மாறி, 2001இல் யூபிசாஃப்டிடம் வந்து நின்றது. டிஎஸ்ஆர் 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்டுக்கும், அது 1999இல் பொம்மைகள் செய்கிற ஹாஸ்ப்ரோவுக்கும் போயின. வெகுகாலம் கடைகளில் காணாமல் இருந்த அந்த வரிசை 2015இல்தான் ஜிஓஜியில் வந்தது; 2022இல் ஸ்டீம் என்ற இன்னோர் இணையக் கடையிலும் வந்தது. ‘ஏன் இவ்வளவு நல்ல விளையாட்டை யாரும் விற்க மாட்டேன் என்கிறார்கள்’ என்று கோபப்படுகிறவர்கள், இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால்தான் கிரயம் முடியும் என்பதை நினைத்துக்கொண்டால் கோபம் கொஞ்சம் தணியும்.

முறையாக வாங்குவதில் நான் பெரிதாக மதிக்கிற ஓர் ஆதாயம் இங்கேதான் வருகிறது: கையேடு. பூல் ஆஃப் ரேடியன்ஸ் பெட்டியில் நெகிழ்வட்டோடு ஒரு பயணக் குறிப்பேடும் வந்தது. வட்டில் இடம் போதாததால் கதையின் பெரும்பகுதியை அந்தக் குறிப்பேட்டில் எண் போட்டு அச்சிட்டிருந்தார்கள். விளையாட்டில் ஒரு பாழடைந்த வீட்டில் ஒரு கடிதம் கிடைக்கும். திரை அந்தக் கடிதத்தைக் காட்டாது, குறிப்பேட்டில் இன்ன எண்ணைப் படி என்று மட்டும் சொல்லும். வேஸ்ட்லேண்டிலும் இதே ஏற்பாடு. அங்கே ஒரு குறும்பும் உண்டு: முறை தவறி முன்கூட்டியே புரட்டிப் படிக்கிறவர்களை ஏமாற்றுவதற்கென்றே, விளையாட்டில் எங்கும் வராத செவ்வாய்க் கிரகக் கதை ஒன்றைப் பத்திகளுக்கிடையே கலந்து வைத்திருந்தார்கள். எங்கிருந்தோ இறக்கிய வெறும் நிரல்கோப்பில் இவை எதுவும் இருப்பதில்லை. ‘பழைய விளையாட்டு ஒன்றும் புரியவில்லை’ என்று கைவிடுகிறவர்களில் பாதிப்பேர் கையேடு இல்லாமல் ஆரம்பித்தவர்கள் என்பது என் அனுமானம். முறைப்படி விற்கிற கடைகளில் பெரும்பாலும் கையேடு, வரைபடம், குறிப்புப் புத்தகம் எல்லாம் பிடிஎஃப் கோப்புகளாக உடன் வரும். நான் அவற்றை அச்செடுத்து, பத்திரம் தைக்கிற ஊசியாலேயே தைத்து வைத்துக்கொள்கிறேன்.

பணம் கொடுக்காமலேயே சட்டப்படி கிடைக்கிறவையும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் அங்கிருந்து தொடங்குவதே நல்லது. உரிமையாளரே இலவசமாகத் தந்திருப்பவை இவை என்பதால் கேள்விக்கே இடமில்லை. ரிச்சர்ட் கேரியட் எழுதி 1985இல் வந்த அல்டிமா நான்காம் பாகம் அவற்றில் முதன்மையானது. அதை வெளியிட்ட ஆரிஜின் நிறுவனத்தை 1992இல் வாங்கிய எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் இன்று அதன் உரிமை இருக்கிறது. ஜிஓஜியில் கணக்குத் தொடங்கினால் காசில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதே தொடரின் கிளைகளான சேவேஜ் எம்பயர், மார்ஷியன் ட்ரீம்ஸ் ஆகியவையும் அங்கே அப்படியே கிடைக்கின்றன.

அல்டிமா நான்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதில் கொல்ல வேண்டிய அரக்கன் என்று ஒருவன் கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு நற்குணங்களில் நாம் தேற வேண்டும், அவ்வளவுதான் கதை. தொடக்கத்தில் ஒரு குறி சொல்கிற பெண் சீட்டுகளைப் பரப்பி, எந்தப் பக்கம் போனாலும் சரி என்று தோன்றுகிற இக்கட்டுகளைக் கேள்விகளாகக் கேட்பாள். நம் பதில்களை வைத்து நாம் யார் என்பது முடிவாகும். ஊர்களில் எதிர்ப்படுகிறவர்களிடம் பெயர், தொழில், நலம் என்று ஒவ்வொரு சொல்லாகத் தட்டச்சு செய்து பேச வேண்டும்; அவர்கள் சொல்வதில் ஒரு சொல்லைப் பிடித்து அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். நோட்டும் பேனாவும் இல்லாமல் அதை ஆட முடியாது.

அதில் மந்திரம் போடுவதற்குப் பூண்டு, கந்தகச் சாம்பல், சிலந்தி நூல் என்று எட்டு வகைச் சரக்குகள் வேண்டும். எந்த மந்திரத்துக்கு எதையெதைக் கலப்பது என்பது கையேட்டில்தான் இருக்கும். சரக்கு விற்கிற பெண்ணுக்குக் கண் தெரியாது. இத்தனை பொன் ஆயிற்று என்று அவள் சொல்வாள்; எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று திரை கேட்கும். அறுபது கேட்ட இடத்தில் ஒன்று என்று தட்டினாலும் சரக்கு கைக்கு வந்துவிடும். யாரும் தடுப்பதில்லை, மணியடிப்பதில்லை, எச்சரிக்கையும் வருவதில்லை. ஆனால் விளையாட்டு உள்ளுக்குள் குறித்துக்கொள்ளும். வெகுதூரம் போன பிறகு நேர்மையின் கோயில் வாசலில் நின்று, ஏன் தேறவில்லை என்று விழிக்கும்போதுதான் அந்தக் கணக்கு வெளியே வரும். 64 கேபி நினைவகம் கொண்ட ஆப்பிள் கணினிக்கு எழுதிய நிரலில் இப்படி ஒரு யோசனையை வைத்தவரை என்ன சொல்ல!

எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரின் முதலிரண்டு பாகங்களையும் பெதஸ்டா இலவசமாக்கிவிட்டது. 1994இல் வந்த அரீனா 2004இலும், 1996இல் வந்த டாகர்ஃபால் 2009இலும் அப்படித் திறந்துவிடப்பட்டன. இன்று ஸ்டீமிலும் இருக்கின்றன. டாகர்ஃபாலை அப்படியே ஓட்டுவதைவிட, ஆர்வலர்கள் யூனிட்டி என்ற இயந்திரத்தில் (விளையாட்டை ஓட்டுகிற அடிப்படை நிரலை அப்படிச் சொல்வார்கள்) மறுபடி எழுதிய டாகர்ஃபால் யூனிட்டியோடு சேர்த்து ஓட்டுவது நல்லது. பல ஆண்டு உழைப்புக்குப்பின் 2023 இறுதியில் அதன் முழுப் பதிப்பு வந்தது. மூல விளையாட்டின் பழைய கோளாறுகள் பல அதில் சரியாகிவிட்டன. எழுத்துக்குறிகளால் மட்டும் வரைந்த குகைக்குள் இறங்குவதில் சங்கடமில்லை என்றால் 1987இல் பிறந்த நெட்ஹேக் இருக்கிறது. மூல நிரலோடு கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. எந்தக் கணினியிலும் ஓடும்.

இனி, காசு கொடுத்து வாங்குவது. போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் 2008இல் ‘குட் ஓல்டு கேம்ஸ்’ என்ற பெயரில் தொடங்கிய ஜிஓஜியே இந்த வகைக்கு என் முதல் தேர்வு. காரணம் விலையன்று. வாங்கிய விளையாட்டின் இன்ஸ்டாலரை, அதாவது அதைக் கணினியில் நிறுவுகிற கோப்பை, முழுதாக இறக்கி நம் வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம். இணையம் இல்லாத கணினியிலும் அது ஓடும். கடையிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்காது. ஸ்டீமில் வாங்கினாலும், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து விளையாட்டுகள் பல ஸ்டீம் செயலியைத் திறக்காமலேயே ஓடுகின்றன. ஆனால் அப்படி ஓடும் என்று யாரும் உறுதிமொழி தருவதில்லை. நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே என்ற அறிவிப்பு 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமில் பணம் கட்டும் பக்கத்திலேயே நிற்கிறது. கலிபோர்னியாவில் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் விளைவு அது. ஜிஓஜியில் பெறுவதும் சட்டப்படி உரிமம்தான். ஆனால் சாவியும் பூட்டும் நம் வீட்டில் இருக்கின்றன. குத்தகைக்கும் கிரயத்துக்கும் இடையில் ஓர் ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரிலிருந்து பணம் கட்டுவதில் ஸ்டீமுக்கே வசதி அதிகம். விலை ரூபாயிலேயே இருக்கும். ஜிஓஜியில் டாலரில்தான் கட்ட வேண்டும். கார்டு வேலை செய்யவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறவர்கள் பலர், வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான பொத்தானைத் திறக்காதவர்களாகவே இருப்பார்கள். 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் அது மூடியேதான் வரும். வாங்கும் நேரத்துக்கு மட்டும் திறந்து, சிறிய வரம்பு ஒன்றை வைத்து, வேலை முடிந்ததும் மூடிவிடுவது என் வழக்கம். வங்கி அதன்மேல் நாணயமாற்றுக் கட்டணமும் பிடிக்கும் என்பதால், ஒவ்வொன்றாக வாங்காமல் தள்ளுபடிக் காலம் வரை பொறுத்துச் சேர்த்து வாங்குவது சிக்கனம். பழைய விளையாட்டுகளின் சாதாரண விலையே ஆறு டாலர், பத்து டாலர் என்ற அளவில்தான் இருக்கும். தள்ளுபடியில் அது முக்கால் பங்கு வரை குறைவது வழக்கமாக நடப்பது. பிடிக்கவில்லை, ஓடவில்லை என்றால் ஜிஓஜியில் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஸ்டீமில் 14 நாள், அதுவும் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால்தான்.

வாங்கியதை ஓட்டுவதற்குப் பெரிய கணினி எதுவும் தேவையில்லை. நான் கிரயப் பத்திரம் தட்டச்சு செய்கிற அலுவலகக் கணினியிலேயே இவை அத்தனையும் ஓடுகின்றன. அல்டிமா, கோல்ட் பாக்ஸ் போன்ற டாஸ் விளையாட்டுகளோடு, பழைய கணினியைப் போல நடிக்கிற டாஸ்பாக்ஸ் நிரலைக் கடையே சேர்த்துத் தந்துவிடுகிறது. அல்டிமா நான்கு, ஆறு, எட்டு ஆகியவற்றையும் ஐ ஆஃப் தி பிஹோல்டரையும் ஸ்கம்விஎம் என்ற இலவச நிரலிலும் ஓட்டலாம். திரையும் ஒலியும் அதில் சீராக இருப்பதாக எனக்குப் படுகிறது. அல்டிமா ஏழுக்கு எக்ஸல்ட், எல்டர் ஸ்க்ரோல்ஸ் மூன்றாம் பாகமான மாரோவிண்டுக்கு ஓப்பன்எம்டபிள்யூ என்று ஆர்வலர்கள் எழுதிய இயந்திரங்கள் தனியே உண்டு. இவையெல்லாம் இலவசம் என்பதால் விளையாட்டும் இலவசம் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படியல்ல, இயந்திரம் மட்டும்தான் அவர்கள் எழுதியது. படம், ஒலி, வசனம் அனைத்தும் மூல விளையாட்டின் கோப்புகளிலிருந்து வர வேண்டும். அவற்றை வாங்கியாக வேண்டும்.

பழைய வட்டுகளைத் தேடி அலைவது பற்றியும் கேட்கிறார்கள். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் கணினி இதழ்களோடு வந்த சிடிகள் எப்போதாவது கண்ணில் படும். அவற்றில் இருப்பவை பெரும்பாலும் மாதிரிப் பதிப்புகளே. பெட்டியோடு மூலப் பிரதி அகப்படுவது அதிர்ஷ்டம். அகப்பட்டால் வட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள்: தொழிற்சாலையில் அச்சடித்த வட்டின் அடிப்பக்கம் தூய வெள்ளி நிறத்தில் இருக்கும், வீட்டில் எழுதிய வட்டில் பச்சையோ நீலமோ சாயம் தட்டும். மேலே எவ்வளவு அழகாகப் படம் ஒட்டியிருந்தாலும் அடி பச்சையாக இருந்தால் அது படியெடுத்தது. நல்ல மூல வட்டே கிடைத்தாலும் இன்றைய கணினியில் அது ஓடும் என்பது நிச்சயமில்லை. 64 பிட் விண்டோஸ் பழைய 16 பிட் இன்ஸ்டாலர்களைத் திறக்காது. சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பைப் போட்ட வட்டுகளுக்கான இயக்கியையே 2015இல் வந்த விண்டோஸ் 10 கைவிட்டுவிட்டது. ஆகவே வட்டு அலமாரிக்கு, இன்ஸ்டாலர் ஆடுவதற்கு என்று இரண்டாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

மெருகேற்றிய பதிப்புகளைப் பற்றி என் கருத்து கலவையானது. 1998இல் ஐந்து சிடிகளில் வந்த பால்டர்ஸ் கேட்டை பீம்டாக் நிறுவனம் 2012இல் புதுப்பித்தது. இன்றைய அகலத்திரையில் ஒழுங்காக ஓடுகிறது, ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் ஓடுகிறது. ஆனால் புதிதாகச் சேர்த்த துணைப் பாத்திரங்களின் பேச்சு பழையவற்றோடு ஒட்டவில்லை. 1999இல் வந்த பிளேன்ஸ்கேப் டார்மென்டின் புதுப்பதிப்பில் அப்படித் தலையிடவில்லை; அதைத் தயங்காமல் வாங்கலாம். 1981இன் விசார்ட்ரி முதல் பாகத்துக்கு டிஜிட்டல் எக்ளிப்ஸ் செய்து 2024இல் முடித்த மறுவாக்கம்தான் இவற்றில் என் மனதுக்குப் பிடித்தது. உள்ளே பழைய ஆப்பிள் நிரலே ஓடிக்கொண்டிருக்கிறது. விரும்பினால் அதன் கோட்டுச் சித்திரத் திரையை ஒரு மூலையில் பார்த்துக்கொண்டே ஆடலாம்.

எவ்வளவு தேடினாலும் விற்பனையில் இல்லாதவை மிஞ்சத்தான் செய்யும். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அங்கே வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2015இலிருந்து டாஸ் விளையாட்டுகள் பலவற்றை உலாவியிலேயே ஓட்டிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. நூலகமாக அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அங்கே இருப்பதாலேயே ஒன்றின் உரிமை தீர்ந்துவிட்டதாகாது. நூலகங்கள் இத்தகைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து திறந்துவிடச் சலுகை கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. அந்த முடிவு எனக்கு நியாயமாகப் படவில்லை. விற்கவும் மாட்டேன், படிக்கவும் விட மாட்டேன் என்பவருக்காக எழுதிய தீர்ப்பு போல இருந்தது.

இப்படி நிற்பவற்றுக்கு நான் செய்வது, ஜிஓஜி 2025இல் தொடங்கிய ‘டிரீம்லிஸ்ட்’ பக்கத்தில் பெயரைத் தேடி வாக்கைப் போட்டு, அந்தத் தொடரின் உரிமை கடைசியாக யாரிடம் போயிற்று என்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பது. ஏதாவது நிறுவனம் இன்னொன்றை வாங்கியதாகச் செய்தி வரும்போது அந்த நோட்டை எடுத்துப் பார்ப்பேன். கைமாறிய பிறகு பழைய விளையாட்டுகள் திடீரென்று கடைக்கு வருவதைப் பலமுறை பார்த்தாயிற்று. அதுவரைக்கும், வாங்கி இறக்கியவற்றின் இன்ஸ்டாலர், கையேடு, மின்னஞ்சலில் வந்த ரசீது மூன்றையும் விளையாட்டின் பெயரிலேயே ஒரு கோப்புறையாக்கி, இரண்டு வன்தட்டுகளில் வைத்திருக்கிறேன். ஒன்று வீட்டில், மற்றொன்று அலுவலகத்தில்.